ஊசிக்கு எதிர்ப்பா, உத்தரவுக்கு எதிர்ப்பா?

என் பாட்டியின் இடது முன்கையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு தழும்புகள் இருந்தன. குடியாத்தத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அவர் சிறுமியாக இருந்த காலத்தில் பட்டவை அவை. பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று தெரிந்தாலே வீட்டில் பிள்ளைகளை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்களாம். வந்தவர் கையில் ஒரு சிறு கருவி இருக்கும். நுனியில் வட்டத் தகடும் அதில் முட்களும் கொண்ட அதனைத் தோலில் வைத்துத் திருகுவார். இரண்டு நாளில் புண்ணாகி, காய்ச்சல் வரும். ஆனால் பாட்டி கதை சொல்லும்போது அந்த முட்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கூடவே தடியோடு வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டிய தலையாரியைப் பற்றித்தான் பேசுவார். “அம்மைக்குக்கூட அவ்ளோ பயப்படல, அந்தாளுக்குத்தான் பயந்தோம்” என்பார். இதே பாட்டிதான் பிற்பாடு என் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு போலியோ சொட்டு மருந்துக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

தடுப்பூசி எதிர்ப்பு என்று செய்திகளில் ஒரே பெயரில் வருவதைப் பிரித்துப் பார்க்க அந்தத் தலையாரி நமக்கு உதவுவார். ஊசியே தீங்கு என்று நம்பி மறுப்பவர்கள் ஒரு வகை. அவர்கள் எண்ணிக்கையில் எப்போதும் சிலரே. போடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று தயங்குபவர்கள் வேறு வகை. நம்மில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் அங்கே நின்றவர்கள்தாம். மூன்றாவதாக, ஊசியைத் தானே விரும்பிப் போட்டுக்கொண்டும்கூட, அரசோ முதலாளியோ அதைக் கட்டாயமாக்குவதை ஏற்காதவர்கள் உண்டு. முதல் வகையினருக்குச் சொந்தமாகப் பெரிய கூட்டம் கிடையாது என்பதால், மூன்றாம் வகையினரின் மேடையில் ஏறி, இரண்டாம் வகையினரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதே இந்த அரசியலின் சுருக்கமான வரைபடம்.

கட்டாயம் என்பதும் ஒரே அளவில் இருப்பதில்லை. போடாவிட்டால் அபராதம் அல்லது சிறை என்பது ஒரு முனை. போடாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை, போடாத ஊழியருக்கு வேலையில்லை, போடாதவர் கடைக்குள் நுழையக் கூடாது என்பவை நடுவில் நிற்கும் வடிவங்கள். ஆஸ்திரேலியா 2016 முதல், தடுப்பூசி முழுமையாகப் போடாத குழந்தைகளின் பெற்றோருக்குச் சில அரசு உதவித்தொகைகளை நிறுத்தியது. அங்கே யாரும் யாரையும் பிடித்து இழுக்கவில்லை, ஆனால் பணம் வராது. எந்த நாட்டில் எந்த அளவுக் கட்டாயத்தைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று கேட்காமல் ஆதரிப்பதோ எதிர்ப்பதோ வீண்.

அரசு கட்டாயப்படுத்த என்ன நியாயம் சொல்கிறது? கொரோனா காலத்தில் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் காதில் விழுந்த ஹெர்ட் இம்யூனிட்டி, அதாவது கூட்டமாகப் பெறும் எதிர்ப்புச் சக்தி, என்ற சொல்லில் அந்த நியாயம் இருக்கிறது. தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில், தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை 12 முதல் 18 பேருக்கு நோயைப் பரப்ப முடியும். நம் அரசின் அட்டவணைப்படி தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகுதான். அதுவரை ஆறு மாதக் குழந்தையைக் காப்பது அதன் தெருவில் உள்ள மற்ற பிள்ளைகளின் கையில் ஏறிய ஊசிதான். நூற்றுக்கு 95 பேருக்காவது போட்டிருந்தால், நோய் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவ வழியில்லாமல் அடங்கும். ஆகவே, போடாத ஒருவர் தன் உடலைப் பற்றி மட்டும் முடிவெடுக்கவில்லை, பக்கத்து வீட்டுத் தொட்டிலைப் பற்றியும் முடிவெடுக்கிறார் என்பது அரசின் வாதம்.

இந்த வாதம் தட்டம்மைக்குப் பொருந்துவது போல எல்லா நோய்க்கும் பொருந்தாது. டெட்டனஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதில்லை, டி.டி. ஊசி போடாதவர் தனக்கு மட்டுமே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். ஊசி நோயின் கடுமையைக் குறைக்கிறதா, பரவலையும் தடுக்கிறதா என்ற கேள்விக்கான விடையைப் பொறுத்தே கட்டாயத்தின் நியாயம் வலுக்கும் அல்லது மெலியும். இந்த ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் நீதிமன்றத் தீர்ப்புகள் எளிதாகப் புரியும்.

எதிர்ப்பின் வரலாறு பெரும்பாலும் இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1853இல் கைக்குழந்தைகளுக்கு அம்மை குத்துவதை அங்கே சட்டம் கட்டாயமாக்கியது. 1867இல் தண்டனை கடுமையானது. அபராதம் கட்ட முடியாத ஏழைத் தொழிலாளிகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஜப்தி செய்யப்பட்டன. 1885 மார்ச்சில் லெஸ்டர் நகரத்தில் 80,000 முதல் 1,00,000 பேர் வரை திரண்ட ஊர்வலத்தில் குழந்தையின் சவப்பெட்டியும், தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னரின் உருவபொம்மையும் எடுத்துச் செல்லப்பட்டன. அந்த நகரத்தார் அம்மையை அலட்சியம் செய்தவர்கள் அல்லர். நோயாளியை உடனே தெரிவிப்பது, தனிமைப்படுத்துவது என்று தங்களுக்கென ஒரு முறையையே வைத்திருந்தார்கள். இறுதியில் 1898இல், மனச்சான்று இடம் தராதவர்களுக்கு விலக்கு அளிக்கும் பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. போருக்குப் போக மறுப்பவர்களை ஆங்கிலத்தில் பின்னர் ‘கான்ஷியன்ஷியஸ் அப்ஜெக்டர்’ என்று அழைத்தார்களே, அந்தப் பெயர் மக்கள் வாயில் புழங்கத் தொடங்கியது இந்த அம்மை குத்தும் சண்டையில்தான்.

பிரேசில் வேறு வழியில் போய் அடிபட்டது. 1904 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் ஆஸ்வால்டோ க்ரூஸ் என்ற சுகாதார அதிகாரி கொண்டுவந்த கட்டாயச் சட்டத்துக்கு எதிராகத் தெருக்களில் கலவரமே வெடித்தது. சுகாதாரத்தின் பெயரால் ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அரசு பின்வாங்கியது, நான்கு ஆண்டுகள் கழித்து அதே நகரை அம்மை வாரிக்கொண்டு போனது. அமெரிக்காவில் 1905இல் உச்ச நீதிமன்றம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அம்மை குத்திக்கொள்ள மறுத்த ஜேக்கப்சன் என்பவருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்றது. பொதுநலத்துக்காக மாநிலம் இப்படி உத்தரவிடலாம் என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

வேலூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதுக்கதையாகத் தோன்றாது. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் நடந்ததை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று சிப்பாய்களின் உடலின் மீது போட்ட உத்தரவு, மதம் மாற்றப்போகிறார்கள் என்ற வதந்தியோடு சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதும் தெரியும். அதுவொன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். திப்புவின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள், சம்பளக் குறையும் இருந்தது. ஆயினும், காரணம் சொல்லாமல் உடலைத் தொடும் உத்தரவும், அந்த இடைவெளியில் நுழையும் வதந்தியும் எப்படிக் கைகோக்கும் என்பதற்கு இதைவிட அருகில் எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

நம் நாட்டில் எதிர்ப்பாளர்கள் படிக்காதவர்கள் என்று யாராவது சொன்னால் இரண்டு பெயர்கள் போதும். காந்தியடிகள் அம்மை குத்துவதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர். பசுக்கன்றின் உடலிலிருந்து எடுத்த அம்மைக் கொப்புள நீரை மனித உடலில் ஏற்றுவது அவருக்கு ஒவ்வவில்லை. ராஜாஜி 1955இல், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பெரும் இயக்கமாக நாடெங்கும் போடுவதை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகி ஓராண்டே ஆகியிருந்ததால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. அரசு அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தவில்லை. ஆனால் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்துத் தொடங்கிய மாபெரும் ஆய்வின் முடிவு வெளிவந்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது என்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். ராஜாஜி அஞ்சிய தீங்குகள் மெய்ப்படவில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் வீணான கேள்வி அல்ல.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் கேள்வி கேட்பதற்கும் எதிர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்குக் காட்டிய ஊர் வேலூர். போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தால் போதும் என்று மேல்நாட்டு நூல்கள் சொன்னபோது, நம் குழந்தைகளுக்கு அது போதவில்லை என்று கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான். 1980களின் தொடக்கத்தில் வேலூர் நகரத்தில், ஆண்டுதோறும் குறித்த நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வீச்சில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைச் செய்துகாட்டினார்கள். நாடு முழுவதும் பின்னர் வந்த பல்ஸ் போலியோவுக்கு அது முன்னோடி. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கிராமத்துத் தனியார் டாக்டர் உட்பட யார் தொற்று நோயைக் கண்டாலும், தபால் தலை தேவைப்படாத ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். எந்த ஊரில் எது தலைகாட்டுகிறது என்று மையத்தில் உடனே தெரியும். சொட்டு மருந்தால் மிக அரிதாகப் பக்கவாதம் வரக்கூடும் என்பதையும், அதனால் ஊசி வடிவப் போலியோ மருந்து வேண்டும் என்பதையும் மறைக்காமல் பேசியவர்களும் இதே ஊர்க்காரர்கள்தாம். தடுப்பூசியை இவ்வளவு கேள்வி கேட்டவர்களை யாரும் எதிர்ப்பாளர்கள் என்று சொன்னதில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்ட கேள்விக்கான பதிலை அவர்களே போய்த் தேடினார்கள்.

எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கான ஊசிகள் பரவலாகப் போடப்பட்டதற்குத் தண்டனைச் சட்டம் காரணமில்லை. கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி, புதன்கிழமை முகாம், கையில் ஒரு அட்டை என்ற ஏற்பாடுதான் காரணம். ஆனால் அந்த நம்பிக்கைக்குள் ஒரு பழைய விரிசல் உண்டு. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் வட இந்தியாவில் ஆண்களைப் பிடித்துக் கருத்தடை அறுவை செய்த கதைகள் நாடெங்கும் பரவின. அரசு ஆள் ஊசியோடு வந்தால் வம்சம் நின்றுபோகும் என்ற அச்சம் அப்போது விதைக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தைச் சில பகுதிகளில் மக்கள் மறுத்தபோதும், நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் அதை நிறுத்திவைத்தபோதும் ஒலித்தது இதே ஐயம்தான்.

2017 பிப்ரவரியில் அது வேலூருக்கும் வந்தது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி என்று தமிழகமெங்கும் இயக்கம் தொடங்கிய நேரம். நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில், நாளை ஊசி, பிள்ளைகளைத் தவறாமல் அனுப்பவும் என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் பையில் போட்டு அனுப்பினார்கள். அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு தெருவெங்கும் சுற்றியது. பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காது என்றது அது. மறுநாள் என் வகுப்பில் பாதி பெஞ்சுகள் காலி. அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஓர் இளம் பெண் மருத்துவர் வந்து பெற்றோரைக் கூட்டி உட்கார்ந்தார். ஒரு தாய் எழுந்து, “ஒன்றரை வயசுலயே தனியார் ஆஸ்பத்திரில காசு குடுத்துப் போட்டாச்சு, இன்னாத்துக்கு மேடம் மறுபடியும்?” என்று கேட்டார். முன்பு போட்டிருந்தாலும் இந்த ஒரு தவணை கூடுதலாகப் போடுவதால் கெடுதல் இல்லை, யாருக்குப் போட்டிருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிக்க முடியாததால் எல்லாருக்கும் போடுகிறோம் என்று அவர் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைத் துண்டுச் சீட்டில் எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமைதான். அந்தத் தாய் மகளுக்கு ஊசி போட்டார்.

கொரோனா வந்தபோது கட்டாயம் என்ற சொல் நேரடியாகவே நம்மிடம் வந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் மக்களுக்கு முன்மாதிரியாக ஊசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். அந்த இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு பின்னர் அறிவித்தது, ஆனால் இரண்டு நாளில் கிளம்பிய பயத்துக்குப் பல மாதம் கழித்து வந்த அறிக்கை ஈடாகாது. அதே ஆண்டு நவம்பரில், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வருபவர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று தமிழகத்தில் உத்தரவு வந்தது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்த என் சித்தி மகளுக்கு அந்த உத்தரவு கேட் வாசலில் செக்யூரிட்டி வடிவத்தில் நின்றது. போனில் சர்டிபிகேட்டைக் காட்டு, இல்லாவிட்டால் திரும்பிப் போ. இரண்டு நாள் கூலி போயிற்று. அவள் ஊசிக்கு எதிரி அல்லள். ஆண்டின் தொடக்கத்தில் அவள் கைக்குழந்தைக்காரி. பாலூட்டும் தாய்மார் போடக் கூடாது என்பதே அப்போது மத்திய அரசின் விதி. மே மாதத்தில் அந்த விதி மாறிப் போடலாம் என்று ஆனது. ஏன் மாறியது என்று அவளிடம் வந்து சொன்னவர் யாரும் இல்லை, மாறிவிட்டது என்று சொன்னது கேட்டில் நின்றவர்தான். மூன்றாம் நாள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு, ஊசியைப் பற்றிய எந்த வீடியோ வந்தாலும் குடும்பக் குழுவில் முதலில் அனுப்புபவள் அவளாகிவிட்டாள். தயங்கியவரை எதிர்ப்பவராக மாற்ற இவ்வளவே போதுமாயிருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் தந்த தீர்ப்பை இந்தக் கண்ணோடு படிக்கலாம். வழக்குத் தொடுத்தவர் குழந்தை மருத்துவர், தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழுவில் முன்பு இருந்தவர். (வேலூர் ஜேக்கப் ஜானையும் இவரையும் பெயரை வைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, இருவரும் வேறு.) தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் தங்கள் உத்தரவுகளை நியாயப்படுத்தி அங்கே வாதாடின. எவரையும் ஊசி போட்டுக்கொள்ளுமாறு வற்புறுத்த முடியாது, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உடல் மீதான உரிமையையும் காக்கிறது என்றது நீதிமன்றம். அதோடு நிறுத்தவில்லை. பொதுநலத்துக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், அளவு மீறாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. போடாதவரிடமிருந்து பரவும் ஆபத்து போட்டவரிடமிருந்து பரவுவதைவிட அதிகம் என்று காட்ட அரசுகள் தரவு எதையும் வைக்கவில்லை, தொற்றும் அப்போது குறைந்திருந்தது, ஆகவே அந்த நேரத்துக் கட்டுப்பாடுகள் அளவுக்கு மிஞ்சியவை என்பது முடிவு. பக்கவிளைவு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்பை, தடுப்பூசி தவறு என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று பரப்பியவர்கள் பலர். தடுப்பூசிக்கு அளித்த ஒப்புதலில் அது கைவைக்கவே இல்லை.

அமெரிக்காவில் தடுப்பூசி எதிர்ப்பு கட்சிக் கொடியாகவே மாறியது வேறு பாதையில். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2010இல் அக்கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது, அவரது மருத்துவர் உரிமமும் பறிபோனது. அக்காலத்தில் ஊசியை மறுத்தவர்களில் இயற்கை வாழ்வு பேசும் வசதி படைத்த இடதுசாரிகளும் இருந்தார்கள், மதப் பழைமைவாதிகளும் இருந்தார்கள். 2014 இறுதியில் டிஸ்னிலேண்டிலிருந்து தட்டம்மை பரவ, கலிஃபோர்னியா 2015இல் சொந்த நம்பிக்கையின் பேரில் பெறும் விலக்கை நீக்கியது. ஊசி தீங்கு என்ற பேச்சு தோற்ற இடத்தில், பெற்றோர் உரிமை, மருத்துவச் சுதந்திரம் என்ற பேச்சு எடுபட்டது அதன் பிறகுதான். அறிவியல் வாதத்தை ஆய்வு முறியடிக்கும். சுதந்திரம் என்ற வாதத்தை எந்த ஆய்வகமும் முறியடிக்க முடியாது. அரசியல்வாதிகளுக்கு இது வசதியாகப் போயிற்று.

2021 செப்டம்பரில் பைடன் அரசு, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் ஊசி அல்லது வாராந்திரப் பரிசோதனை என்று அறிவித்தது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது, மருத்துவப் பணியாளர்களுக்கான கட்டாயத்தை மட்டும் அனுமதித்தது. அதே குளிர்காலத்தில் கனடாவின் லாரி ஓட்டுநர்கள் ஒட்டாவா நகரத் தெருக்களை வாரக்கணக்கில் அடைத்தார்கள். ஆஸ்திரியா எல்லாப் பெரியவர்களுக்கும் கட்டாயம் என்று சட்டம் போட்டு, யாருக்கும் அபராதம் விதிக்காமலேயே சில மாதங்களில் கைவிட்டது. கொரோனா ஊசிக்கு எதிராகத் திரண்ட கோபம் அதோடு தணிந்திருக்கலாம். தணியாமல் பழைய ஊசிகளின் மீதும் சாய்ந்தது. நீண்டகாலத் தடுப்பூசி விமர்சகரான ராபர்ட் கென்னடி ஜூனியர் 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் சுகாதாரத் துறைக்குப் பொறுப்பேற்றார். செப்டம்பரில் ஃபுளோரிடா மாநிலம், பள்ளிக்கான எல்லாக் கட்டாய ஊசிகளையும் நீக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டில் டெக்சாஸில் பரவிய தட்டம்மையில், ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

அங்கே மேடையில் பேசியது காட்பாடியில் ஒரு வீட்டுத் திண்ணைக்கு வர இன்று ஒரு நாள்கூட ஆகாது. வரும் வழியில் ஒன்று உதிர்ந்துவிடுகிறது. அங்கே அது பள்ளியில் சேர்க்கச் சட்டம் கேட்கும் ஊசியைப் பற்றிய சண்டை. இங்கே அந்தச் சட்டமே இல்லை. கட்டாயத்தை எதிர்த்துச் செய்த வீடியோவைத் தமிழில் குரல் மாற்றிக் கேட்கும்போது, எதிர்க்கக் கட்டாயம் இல்லாததால், ஊசிக்கு எதிரான பேச்சாகவே அது காதில் விழுகிறது.

எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மாவிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. ஊசி போடாத பிள்ளைகளின் பெயருக்கு எதிரே காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. சித்தி மகளின் இரண்டாவது குழந்தைக்குப் பத்து மாதம் ஆகி, தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. மறுப்பு என்று எழுதலாமே என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “மறுப்புன்னு எழுதினா மேல இருந்து ஆள் வருவாங்க சார், அப்புறம் அந்தப் பொண்ணு கதவே தொறக்காது” என்றார். அந்தக் கட்டத்தில், அடுத்த புதன் வருவதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தார். அதற்கு மேலிருந்த மூன்று வரிகளிலும் அதே குழந்தையின் பெயருக்கு எதிரே அதே வாசகம்தான் இருந்தது.